சொந்தச் சான்றே துணிவு

(கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலைக்கான நேர்காணலில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்வது எப்படி என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பல ஆண்டுகள் ஆள்தேர்வுக் குழுக்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதைப் பேச வந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது என்னை மிகவும் வருத்தியது ஒன்று உண்டு. அறிவும் உழைப்பும் நிறைந்த பிள்ளைகள், தங்களிடம் இருக்கும் உண்மையான சரக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, யாரோ எழுதிக்கொடுத்த பதிலை ஒப்பித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் எழுந்து போன பிறகு எங்கள் கையில் மதிப்பெண் போட ஒன்றுமே இருக்காது.

உங்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். “எங்களுக்கு இங்கிலீஷ் வராது, சொல்லிக்கொள்ள அனுபவமும் இல்லை, தைரியமாகப் பேசு என்றால் எங்கிருந்து வரும்?” என்பது உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி. அதற்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று நூறு முறை சொல்வதால் துணிவு வராது. நீங்கள் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் வாழ்க்கையில் சான்று இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருந்தால் வரும். அந்தச் சான்றுகளைத் தேடி எடுத்து ஒழுங்குபடுத்துவதுதான் நேர்காணலுக்கான ஆயத்தம். மீதி எல்லாம் அதற்குப் பிறகு.

அவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

எந்த வேலையானாலும் கேட்பவரின் மனத்தில் மூன்று சந்தேகங்கள் இருக்கும். இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியுமா, அல்லது கற்றுக்கொள்ளும் திறன் இருக்கிறதா? கொடுத்த வேலையை முடிக்கும்வரை விடாமல் செய்வாரா? கூட இருப்பவர்களோடு ஒத்துப்போவாரா? கேள்விகள் பலவிதமாக வரலாம். ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் துழாவுகிறது.

மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப்பணித் தேர்வைப் பாருங்கள். முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண், நேர்காணலுக்கு 275. அந்த நேர்காணலுக்கு ஆணையம் வைத்திருக்கும் பெயர் ஆளுமைத் தேர்வு. கடுமையான குறுக்கு விசாரணையாக இல்லாமல், ஒரு நோக்கத்தோடு நகரும் இயல்பான உரையாடலாக அது நடக்கும் என்று ஆணையமே தன் அறிவிக்கையில் விளக்குகிறது. நாட்டின் மிகக் கடினமான நேர்காணலே உரையாடல் என்றால், உங்கள் கேம்பஸ் நேர்காணலில் விசாரணைக் கைதிபோல் நடுங்கிக்கொண்டு உட்கார வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். “கஷ்டமான ஒரு சூழ்நிலையை எப்படிச் சமாளித்தீர்கள், ஒரு உதாரணம் சொல்லுங்கள்” என்று இப்போது எல்லா ஹெச்.ஆர். ரவுண்டிலும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படைக்கு விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் பணியில் இருந்த உளவியலாளர்களுக்கு ஒரு சிக்கல். நல்ல விமானி எப்படி இருப்பார் என்று கேட்டால் எல்லோரும் பொதுவான பெருமைச் சொற்களைத்தான் சொல்வார்கள். அவற்றை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால், நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள், அதில் அவர் சரியாக என்ன செய்தார் என்று சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தப் பணியை நடத்திய ஜான் ஃபிளனகன் 1954இல் இந்த முறையை விரிவாக எழுதி வெளியிட்டார். நடந்த நிகழ்ச்சியைக் கேட்கும் இன்றைய நேர்காணல் கேள்விகளுக்கு அதுவும் ஒரு மூலம்.

பால் சாக்கெட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கும் பின்னாளில் அந்த ஆட்கள் வேலை செய்யும் விதத்துக்கும் உள்ள தொடர்பு 0.42 என்று அதில் கணக்கிட்டார்கள். வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு அது 0.19 மட்டுமே. விவரமான நிறுவனங்கள் முதல் வகையை நாடுவதற்கு இத்தகைய ஆய்வுகளும் ஒரு காரணம். கேட்பவர் கையில் ஒரு தாள் இருக்கும், அதில் கட்டங்கள் இருக்கும். “நான் கடின உழைப்பாளி” என்று நீங்கள் சொன்னால் அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. நீங்கள் உழைத்த ஒரு நாளைச் சொன்னால் எழுதலாம்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்”

பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான். நம் பிள்ளைகள் “மைசெல்ஃப்” என்று ஆரம்பிப்பார்கள். பெயர், ஊர், அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, உடன்பிறந்தவர் ஒருவர், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, பலம் கடின உழைப்பு. காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் இதையே சொல்லியிருப்பார்கள். இதில் பாதி ரெஸ்யூமில் இருக்கிறது, மறுபாதிக்குச் சான்று இல்லை.

ஒன்றரை நிமிடத்துக்கு மூன்று செய்திகள் போதும். என்ன படித்தேன், அதில் எது எனக்குப் பிடிபட்டது என்பது முதல் செய்தி. அதை வைத்து என்ன செய்தேன் என்பது இரண்டாவது. இந்த வேலைக்கு ஏன் வந்திருக்கிறேன் என்பது மூன்றாவது. ஒரு வணிகவியல் மாணவி இப்படிச் சொல்லலாம்: “பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் எனக்குப் பிடித்த பாடம். எங்கள் அம்மா இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகங்களை நான்தான் எழுதுகிறேன். டேலி படித்து முடித்திருக்கிறேன். கணக்கு வேலையைப் பெரிய அளவில் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் உங்கள் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன்.” ஐந்தே வாக்கியம். பேசி முடித்ததும் எதிரில் இருப்பவர் என்ன கேட்பார்? “சுய உதவிக் குழுவில் என்ன கணக்கு எழுதுவீர்கள்?” என்றுதான் கேட்பார்.

இந்த முதல் பதிலின் உண்மையான பயன் இதுதான். அடுத்த கேள்வி எங்கிருந்து வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். ஆகவே, ஐந்து நிமிடம் தடங்கலின்றிப் பேச முடிகிற செய்தியை மட்டும் அந்தப் பதிலில் வையுங்கள். புத்தகம் படிப்பது பொழுதுபோக்கு என்று சொன்னால், கடைசியாகப் படித்த புத்தகம் எது என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். படிப்பதில்லை என்றால் சொல்லாதீர்கள்.

பலமும் பலவீனமும்

அந்த மாணவியையே எடுத்துக்கொள்வோம். அவருடைய பலம் என்ன என்று கேட்கிறார்கள். “எதையும் சரிபார்க்காமல் விடமாட்டேன்” என்கிறார். ஓர் உதாரணம் கேட்கிறார்கள். அவர் நான்கு படியாகச் சொல்ல வேண்டும்: நிலைமை என்ன, தன் பொறுப்பு என்ன, தான் செய்தது என்ன, முடிவு என்ன.

“குழுவில் ஒரு மாதம் ரொக்கப் புத்தகத்துக்கும் வங்கிப் பாஸ்புக்குக்கும் தொகை ஒத்துவரவில்லை. உறுப்பினர்களுக்குள் பேச்சு வந்துவிட்டது. கணக்கு எழுதுபவள் என்பதால் பதில் சொல்ல வேண்டியவள் நான். சேமிப்புப் பதிவேட்டையும் கடன் பதிவேட்டையும் ரசீதுகளோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப்பார்த்தேன். ஒருவருடைய கடன் தவணை இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தது. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் காட்டித் திருத்தினேன், தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வைத்தோம். அதற்குப் பிறகு மாதக் கடைசியில் பாஸ்புக்கோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போடுவதை வழக்கமாக்கினோம்.”

இந்தப் பதிலைக் கேட்கும் எந்தக் கணக்கு மேலாளரும் நிமிர்ந்து உட்காருவார். வங்கிக் கணக்கைச் சரிக்கட்டும் வேலையை அந்தப் பெண் உண்மையிலேயே செய்திருக்கிறார். பணத்தால் மனக்கசப்பு வரும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட பெண்களில் பலர் “எனக்கு அனுபவம் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். குழுக் கணக்கு ஒரு வேலை என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

இதேபோல் உங்களிடம் எத்தனையோ இருக்கிறது. தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடையில் நின்றிருக்கிறீர்கள். ஒரு சேலையும் எடுக்காமல் இருபது சேலை பிரித்துப் பார்த்தவரிடமும் முகம் கோணாமல் பேசியிருக்கிறீர்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பாவோடு மூட்டைக்குக் காவல் இருந்திருக்கிறீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள் என்பதால் வெயில் பார்த்துக் காயவைத்திருக்கிறீர்கள், மழை வந்ததும் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறீர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் ஐம்பது பேருக்குச் சாப்பாட்டு ஏற்பாடு பார்த்திருக்கிறீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் சேவை, தரக்கட்டுப்பாடு, திட்டமிடல், பயிற்சி அளித்தல் என்று நிறுவனங்கள் பெயர் வைத்திருப்பவை இவைதாம். பெயர் தெரியவில்லை என்பதற்காக வேலை இல்லாமல் போய்விடாது.

பலவீனத்துக்கு வருவோம். “எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் பலவீனம்” என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. உண்மையான ஒரு குறையைச் சொல்லுங்கள். அதைக் குறைக்க இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். “கூட்டத்தில் பேசத் தயங்குவேன். இந்த ஆண்டு வகுப்பில் செமினார் எடுக்கும் வாய்ப்பை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்” என்பது நல்ல பதில். அந்த வேலைக்கு உயிர்நாடியான ஒன்றிலேயே உங்களுக்குக் குறை இருந்தால், அந்த வேலை உங்களுக்குப் பொருந்துமா என்று போவதற்கு முன் யோசியுங்கள்.

“ஏன் எங்கள் நிறுவனம்?”

“உங்கள் நிறுவனம் மிகப் பெரிய நிறுவனம்” என்பது இதற்குப் பதில் ஆகாது. அவர்கள் என்ன செய்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், நீங்கள் போகும் பதவியில் ஒரு நாள் எப்படி நகரும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு வாங்குநரிடம் சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்குவதில் தொடங்கி, நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்தையும் பின்தொடர்ந்து, குறித்த தேதியில் சரக்கு கப்பலேற வைப்பது அந்த வேலை. இது தெரிந்த பிள்ளை, “ஒரு கட்டம் தாமதமானால் அடுத்தடுத்த கட்டத்தை நெருக்காமல் எப்படித் தேதியைக் காப்பாற்றுவது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறேன்” என்று சொல்லும். அந்த ஒரு வாக்கியத்தில் அக்கறை தெரிந்துவிடும். ஊரில் அந்தத் தொழிலில் இருக்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால் அரை மணி நேரம் பேசுங்கள். இணையத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

“ஐந்து ஆண்டுகளில் எங்கே இருப்பீர்கள்?” என்ற கேள்வி, பயிற்சி கொடுத்த பிறகு ஓடிவிடுவீர்களோ என்ற கவலையிலிருந்து வருகிறது. நம் ஊரில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு: “குரூப் தேர்வுக்குப் படிக்கிறீர்களா?” படிக்கிறவர்கள் இல்லை என்று பொய் சொல்ல வேண்டாம். அரசுத் தேர்வு எழுதுவது உங்கள் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. “எழுதுகிறேன். ஆனால் இந்த வேலையில் சேர்ந்தால் வேலை நேரம் முழுவதும் உங்களுடையது. விட்டுப் போகும் நிலை வந்தாலும் முறையாகச் சொல்லி, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன்” என்று சொல்லலாம். உங்களால் காப்பாற்ற முடிந்த வாக்குறுதி மட்டும் கொடுங்கள்.

வெளியூர் போக முடியுமா, ஷிஃப்ட் பார்க்க முடியுமா என்பவை வீட்டில் பேசி முடித்துவிட்டுப் போக வேண்டிய கேள்விகள். “அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று நேர்காணல் அறையில் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்துபோகும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுதல்

டெக்னிக்கல் ரவுண்டில் தெரியாத கேள்வி நிச்சயம் வரும். அதை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1921இல் தாமஸ் எடிசன் தம்மிடம் வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு பெரிய வினாத்தாள் கொடுத்தார். புவியியல், வரலாறு, தொழில்கள் என்று பொது அறிவுத் தகவல்கள். வினாக்கள் செய்தித்தாளில் வெளிவந்து, நாடே அவற்றைப் பற்றி விவாதித்தது. அந்த ஆண்டு அமெரிக்கா சென்றிருந்த ஐன்ஸ்டைனிடம் பாஸ்டன் நகரில் அந்த வினாக்களில் ஒன்றைக் கேட்டார்கள்: ஒலியின் வேகம் என்ன? புத்தகத்தில் எளிதாகக் கிடைக்கும் தகவலைத் தாம் நினைவில் சுமப்பதில்லை என்று அவர் சொன்னார். கல்லூரிப் படிப்பின் பயன் சிந்திக்கப் பழகுவதில் இருக்கிறது என்பது அவர் கருத்து.

இந்த நிகழ்ச்சியைத் தப்பான துணிவுக்குப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் பாடத்தின் அடிப்படைக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அது குறைதான். நீங்கள் செய்த ப்ராஜெக்ட் பற்றிய கேள்விக்குத் தெரியவில்லை என்றால் அது பெரிய குறை, வேறு யாரோ செய்து கொடுத்ததாகத்தான் நினைப்பார்கள். நினைவில் நிற்காத ஒரு விவரமோ, படிக்காத ஒரு பகுதியோ வந்தால், “அது எனக்குத் தெரியாது” என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தில் தெரிந்த எல்லைவரை போங்கள்: “அதன் சூத்திரம் நினைவில்லை, ஆனால் எதை வைத்து வருகிறது என்று சொல்ல முடியும்.” யோசிக்கும் விதத்தைக் காட்டுவதற்குக் கிடைத்த நேரம் அது. ஊகித்து அளக்கும் பதில், அதுவரை நீங்கள் சொன்ன உண்மைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

அரியர் பற்றியும் இப்படித்தான். எத்தனை, ஏன், எப்போது முடித்தீர்கள் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். ஆசிரியர் மேலும் கல்லூரி மேலும் பழி போட வேண்டாம். குடும்பத்தில் நோயோ இழப்போ காரணமாக ஓராண்டு படிப்பு நின்றிருந்தால் அதைச் சொல்வதில் எந்த அவமானமும் இல்லை. அந்த ஓராண்டில் நீங்கள் எந்தப் பாரத்தைச் சுமந்தீர்கள் என்பதும் ஒரு சான்றுதான்.

பெண்களிடம் கேட்கும் கேள்விகள்

மாணவியரே, உங்களிடம் தனியாகச் சில கேள்விகள் வரும். கல்யாணம் எப்போது? கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவீர்களா? இது புதிய கதை இல்லை. இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரியான சி.பி. முத்தம்மாவை, அந்தப் பணி வேண்டாம் என்று தேர்வாணையத் தலைவரே திருப்பிவிடப் பார்த்தார். தம் செல்வாக்கைப் பயன்படுத்தி நேர்காணலில் குறைந்த மதிப்பெண் கொடுக்க வைத்ததாக அவரே பின்னர் தம்மிடம் சொன்னார் என்றும் முத்தம்மா தம் மனுவில் கூறினார். அது 1979ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. குறைந்த மதிப்பெண் வாங்கியும் அவர் தேர்வானார், தூதரானார், கடைசியில் அந்தப் பாகுபாட்டை நீதிமன்றத்திலும் கேள்வி கேட்டார்.

1951இல் இந்திய ஆட்சிப்பணியில் சேர்ந்த அன்னா ராஜம் ஜார்ஜுக்கும் அதே அனுபவம். பெண்களுக்கு வேறு பணிகள் பொருத்தமாக இருக்கும் என்று நேர்காணல் குழு அறிவுரை சொன்னது. அவர் அசையவில்லை, சென்னை மாநிலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இங்கே முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்கும் ஒரு பெண்ணைக் களத்துக்கு அனுப்பத் தயக்கம் இருந்தது, தலைமைச் செயலகப் பதவி தருகிறோம் என்றார்கள். ஆண்களோடு சமமாகக் குதிரையேற்றமும் துப்பாக்கியும் பழகியவள் நான் என்று வாதாடி, ஓசூர் சப்-கலெக்டராகப் பொறுப்பேற்றார். “எனக்கு வாய்ப்புக் கொடுங்கள்” என்று அவர் கெஞ்சவில்லை. பெற்ற பயிற்சியை எடுத்து முன்னால் வைத்தார். நான் இவ்வளவு நேரம் சொல்லிவரும் சான்று அதுதான்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆளெடுப்பில் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவதைத் தடுத்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் பாலின அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஆகவே கல்யாணக் கேள்வி வந்தால் கோபமோ குழைவோ இல்லாமல், “வேலையைத் தொடர்வது என் முடிவு. நீங்கள் சொல்லும் வேலை நேரத்துக்கு நான் தயார்” என்று வேலைக்குத் திருப்பிவிடுங்கள். அதற்கு மேலும் வீட்டு விஷயத்தையே தோண்டினால், “இது என் சொந்த விஷயம்” என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சம்பளம்

சம்பளம் கேட்பது பேராசை என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். புதிதாகச் சேருபவர்களுக்குப் பெரும்பாலும் தொகை முன்பே முடிவாகியிருக்கும். நீங்கள் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டியது, சி.டி.சி. என்று சொல்லும் ஆண்டுத் தொகையில் மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்பது. நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்புநிதி, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, காப்பீட்டுப் பிரீமியம் எல்லாவற்றையும் சி.டி.சி.யில் சேர்த்துச் சொல்வார்கள். அவை மாதச் சம்பளமாக வராது. “டேக் ஹோம் எவ்வளவு வரும் சார்?” என்று கேட்பதில் தவறே இல்லை. பாண்டு இருந்தால் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழ்களின் அசலைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. வேலை தருவதற்குப் பணம் கட்டச் சொன்னால், அது என்ன பெயரில் இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியில் “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். முதல் ஆறு மாதம் என்ன வேலை இருக்கும், யார் பயிற்சி கொடுப்பார்கள், நன்றாகச் செய்கிறேன் என்பதை எதை வைத்து மதிப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். வேலைக்குச் சேரும் எண்ணத்தோடு வந்தவருக்கு இவை இயல்பாகத் தோன்றும் கேள்விகள்.

ஆங்கிலம்

உங்கள் பயத்தில் பாதி இதுதான் என்று எனக்குத் தெரியும். இரண்டு விதமான வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசுவதே வேலை என்றால் ஆங்கிலம்தான் அங்கே கருவி. தினமும் பேசிப் பழகுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. மற்றப் பல வேலைகளில், சொல்ல வந்தது புரியும்படி சொன்னால் போதும். அங்கே உங்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் இலக்கணம் இல்லை. சொல்ல வேண்டிய செய்தி மனத்தில் தெளியாமல் இருப்பதுதான்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வாழ்க்கையிலிருந்து ஆறு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சிக்கலைத் தீர்த்தது, ஒரு குழுவோடு வேலை செய்தது, ஒருவரோடு கருத்து மாறுபட்டும் ஒத்துப்போனது, தோற்றுக் கற்றது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது, பொறுப்பைத் தானாக ஏற்றது. முதலில் தமிழில், அம்மாவிடம் சொல்வதுபோல், நான்கு படியாகச் சொல்லிப் பாருங்கள். தமிழில் தெளிவாக வரும்வரை ஆங்கிலத்துக்குப் போக வேண்டாம். பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றுங்கள். மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் சொல்லுங்கள். செய்தி உங்களுடையது என்பதால் சொல் தவறினாலும் வழி தவறாது. இடையில் சிக்கிக்கொண்டால் “இதைத் தமிழில் சொல்லலாமா?” என்று கேளுங்கள். குடிமைப்பணி ஆளுமைத் தேர்விலேயே தமிழில் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு. தமிழ் பேசுவதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

பயிற்சிக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். மூன்று பேர் சேருங்கள். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் பதில் சொல்லட்டும், மூன்றாமவர் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இருக்கின்றன. அந்த அலுவலகங்கள் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகின்றன. அந்த முகாம்களுக்குப் போய் முன்பின் தெரியாதவர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழகுங்கள். அறைக்குள் உட்கார்ந்ததும் கேள்வியை முழுவதுமாகக் கேளுங்கள். இரண்டு விநாடி யோசித்துத் தொடங்குவது தவறில்லை.

கிடைக்காதபோது

எல்லாம் சரியாகச் செய்தும் வேலை கிடைக்காமல் போகலாம். அப்போது உங்களை நீங்களே தாழ்த்திக்கொள்ளக் கூடாது. நேர்காணல் தவறக்கூடிய கருவி என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான் நேர்காணல். பெற்றோர் யார், எந்த ஊர் என்றெல்லாம் கேட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது மாணவர்களின் குறை. 1980 நவம்பரில் அஜய் ஹாசியா வழக்கில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, அத்தகைய சேர்க்கையில் நேர்காணலுக்கு மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் கொடுப்பது தன்னிச்சையானது என்று சொன்னது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் குரூப் ‘சி’ பணிகளுக்கும், அரசிதழில் பதிவுபெறாத குரூப் ‘பி’ பணிகளுக்கும் நேர்காணலையே எடுத்துவிட்டார்கள்.

சில நிமிடங்களில் ஒரு மனிதரை முழுவதும் அறிந்துகொள்ள யாராலும் முடியாது. அந்த மேசையில் இருந்தவன் என்பதால் இதைப் பொறுப்போடு சொல்கிறேன். அன்றைக்கு இருந்த இடங்கள் எத்தனை, உங்களோடு வந்தவர்கள் யார், கேட்டவர் எதற்கு முன்னுரிமை கொடுத்தார் என்று பல காரணங்கள் அந்த முடிவில் கலந்திருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அன்று மாலையே கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எந்தக் கேள்விக்குச் சான்று இல்லாமல் திணறினீர்களோ, அதற்கு உங்கள் வாழ்க்கையில் சான்று தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த சில மாதங்களில் அதை உண்டாக்குங்கள். ஒரு சிறு ப்ராஜெக்ட், ஒரு பயிற்சி, ஒரு பகுதிநேர வேலை, எதுவானாலும் சரி.

முடிப்பதற்கு முன், இங்கே இருக்கும் பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதிரி விடைகளை அச்சடித்துக் கொடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவரையும் தன் ஆறு நிகழ்ச்சிகளைச் சொல்ல வையுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். “இது உன் திறமை, இதைச் சொல்” என்று ஓர் ஆசிரியர் சொல்லும் ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையை எழுந்து நிற்க வைக்கும். மாணவர்களே, நீங்கள் உழைத்த நாட்களும், வீட்டுக்காகச் சுமந்த பொறுப்புகளும், புரியாத பாடத்தோடு போராடி வென்ற இரவுகளும் உங்களுடைய தகுதிகள். அவற்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நடந்தபடி சொல்லுங்கள். இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். உங்கள் எல்லோருக்கும் தகுதிக்கேற்ற வேலையும், அதில் மதிப்பும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன்.